தங்கச்சியை அனுப்புவீங்களா?

ஜூன் 9, திங்கள்
சிறுமலை மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. நானும் அப்படித்தான், காலையிலிருந்து ஒரே கேள்வியின் மேல். எங்கள் டிரஸ்ட்டின் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த முதியவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ‘ஆஸ்பத்திரி திருப்தியா?’ கீழே ஐந்து முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை. சிரித்த முகம் அதிகம் வந்தால் அதே ஆஸ்பத்திரி இன்னும் ஒரு வருடம். என்னைப் பெற்ற அத்தாவிடமும் அந்தத் திட்டத்து அட்டைதான் இருக்கிறது.

ஜூன் 12
கன்னிவாடி. பூந்தோட்டம் வைத்திருக்கும் கருப்பம்மாளுக்குக் கால் வீக்கம் வடியவே இல்லை. எனக்கு மோர் கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தின் மேல் விரலை வைத்தார். தெருவே அப்படித்தான்.
“நெசமாவா?” என்றேன்.
“இம்புட்டு வெயில்ல வந்திருக்க தாயி. வந்த பிள்ளைகிட்டக் குறை சொல்லி அனுப்புவாகளா?”

ஜூன் 13
எல்லோருக்கும் திருப்தியாம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 17
கொடைரோடு பஸ்ஸில் கண் சொக்கியது. தென்னந்தோப்புக்கு மேலே மஞ்சள் முகங்கள் மிதந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. விழித்தபோது தோன்றியது — தனக்கு என்றால் யார் வாய் திறப்பார்கள்? கூடப்பிறந்தவளுக்கு என்றால்?

ஜூன் 19
மறுபடி கருப்பம்மாள். புதுக் கேள்வி: ‘உங்க தங்கச்சிக்கு முடியலைன்னா அங்க அனுப்புவீங்களா?’
“ஆத்தி! அவளை எதுக்கு? காலையில போனா பொழுது சாய உக்கார வச்சிருவாக. ஊசி போட்டா எதுக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. அவ தாங்க மாட்டா.”
“நீங்க?”
“நான் என்ன... போயிக்கிருவேன்.”
பஸ் ஸ்டாப்பில் தனியாகச் சிரித்தேன். அழுகையும் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு
சும்மாதான் அத்தாவிடமும் கேட்டேன். உங்க தங்கச்சி அஜீஸுன்னிசா மாமியை அங்கே அனுப்புவீங்களா?
“வேணாம் ருக்சானா,” என்றார் சட்டென்று. “நானே நோன்புக்கு அப்புறம் போகலைம்மா.”
அப்போ மாத்திரை? பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கியிருக்கிறார்! தினமும் உடம்பு எப்படி என்று கேட்டேனே, அல்ஹம்துலில்லாஹ் என்றாரே.
“நீ வேலை பாக்குற இடம். நான் குறை சொல்லலாமா?”
யா அல்லாஹ், என் வீட்டிலேயே நான் விருந்தாளியா?

ஜூலை 4
புதுக் கேள்விக்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு, மேலாளர் முத்துச்சாமி சார் வேறு ஆஸ்பத்திரி பார்க்கச் சொல்லிவிட்டார்.

ஜூலை 7
அதுவரை பொறுக்க முடியாது. அத்தாவை வேறு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன்.
“எப்படி இருக்கீங்க பாய்?” என்றார் அவர்.
அத்தா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.
“படி ஏறினா நெஞ்சு அடைக்குது டாக்டர்,” என்றார்.