ஊறுகாய் பாட்டிலில் வந்த தண்ணீர்

அண்ணி,

பரணைச் சுத்தம் பண்ணும்போது உங்க ஊறுகாய் பாட்டில் கையில அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். நீங்க போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழிச்சும் நார்த்தங்காய் வாசனை போகலை. உங்க பிடிவாதம் மாதிரியேன்னு சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

என் மக அரசி சுற்றுச்சூழல் எம்.எஸ்சி. படிச்சப்போ, கடைசி வருஷத்துக்கு ரெண்டு வழி இருந்தது. ஆராய்ச்சி பண்ணி ஆய்வேடு எழுதலாம். இல்லேன்னா கூட ரெண்டு பாடம் படிச்சுப் பரீட்சை எழுதிட்டு வந்துடலாம். அவளுக்கு ஆய்வேடுதான் ஆசை. நம்ம ஊர் போர்வெல் தண்ணியில கடல் உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கணுமாம். அஞ்சாவது தாண்டாத நான், "எது சீக்கிரம் முடியுமோ அதை எடுடி"ன்னேன். நீங்கதான், "நாத்தைப் பறிச்சாச்சு, நடாம கரையில போடுவாளா?"ன்னு என்னை அடக்கினீங்க.

நிலத்தைக் காப்பாத்த ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த வருஷம் அது. எண்ணெய் எடுக்க வந்தவங்களும் முதல்ல, "சும்மா பார்த்துட்டுப் போறோம்"னுதான் வந்தாங்க. அந்தப் பயத்துல அரசியையும் யாரும் போர்கிட்ட விடலை. நீங்க மட்டும் உங்க தண்ணியைப் பிடிச்சு அனுப்பினீங்க. சோதிச்சா, கடலோரத் தண்ணியைவிட உப்பு! "இது சரிவராது, வெள்ளிக்கிழமைக்குள்ள பரீட்சைக்கு மாறிக்கோ"ன்னுட்டாராம் வாத்தியார். அரசி அழுதுகிட்டே பரீட்சைக்கு மாறுற படிவத்தோட வந்து நின்னா.

"எதுல பிடிச்சீங்க அண்ணி?"

"நல்லாக் கழுவின பாட்டில்தான்டி."

மோந்து பார்த்தேன். "பழைய சோறு கொண்டு வரவா அண்ணி? தொட்டுக்கலாம் போல இருக்கு."

வேற யாராவதுன்னா கமுக்கமா இருந்திருப்பாங்க. நீங்க பாட்டிலைத் தூக்கிக்கிட்டு நேரா பந்தலுக்குப் போனீங்க.

"நான் பண்ணின கூத்தைப் பாருங்க! என் ஊறுகாயால பொண்ணு படிப்பு கெடப் போவுது. நீங்களும் தண்ணி குடுங்க. நம்ம வயல்ல உப்பு ஏறுதுன்னா நமக்குத் தெரிய வேணாமா?"

சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. சிரிச்ச வாயால யாருக்கும் மறுக்க வரலை. மறுநாள் காலையில அரசியோட போர் போரா நீங்கதான் முன்னால நடந்தீங்க. படிவம் எழுதாமலே கிடந்தது, ஆய்வேடு முடிஞ்சது.

ஊர் சிரிப்பை அவளுக்காக வாங்கிக்கிட்டீங்க. நான் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலை, கேலிதான் பண்ணினேன்.

இப்ப யார் வயல் தண்ணியைச் சோதிக்கச் சொல்லி அரசிக்கு அனுப்பினாலும் நான்தான் பிடிக்கிறேன். அவ சொன்னபடி அதே தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசி, மோந்து பார்த்துட்டுத்தான் மூடுறேன். நார்த்தங்காய் வாசனை வராதான்னு ஒவ்வொரு தடவையும் ஒரு நப்பாசை அண்ணி.