தெற்குப் பக்கம் ஐந்தடி

ஜூன் 9, 1987, செவ்வாய்

காலையிலேயே அனல். தண்ணீர் லாரி வரவில்லை. கணக்கு நோட்டுக்கு அட்டை போட வேண்டும்.

பக்கத்து மனையில் டேனியல் அங்கிள் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார். ரயில்வே வேலை. நல்ல மனிதர் என்றுதான் நேற்றுவரை எண்ணம். இன்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருக்கிறார்கள், எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே! ஒரு சாண்கூட விடவில்லை. என் அறையின் ஒரே சன்னல் அந்தப் பக்கம்தான். சுவர் எழும்பினால் வெளிச்சம் போச்சு, காற்றும் போச்சு.

கொத்தனார் ஏழுமலையைச் சன்னல் வழியாகவே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, நடுவுல இடம் விட மாட்டீங்களா?"

"இன்னாத்துக்குமா? எடம் அவுரோடது, கட்டிக்கினு போறாரு."

"அப்போ என் சன்னல்?"

"அது ஒன் வூட்டு சன்னல். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

பக்கத்தில் மண் சுமந்தவர்கள் சிரித்தார்கள். படாரென்று சன்னலைச் சாத்தினேன். உடனே திறந்தேன். வேர்வை.

ஜூன் 11, வியாழன்

தமிழ் மிஸ் லீவு. கடைசி பீரியட் இல்லை. கேம்ப் ரோடில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பஞ்சாயத்து ஆபீஸ். வீடு கட்டுவோர் கவனத்துக்கு என்று சுவரில் ஒரு பலகை. இத்தனை நாள் யார் நின்று படித்தார்களோ! நான் நின்று எழுதிக்கொண்டேன்:

வீட்டின் இரு பக்கமும் ஐந்தடி காலியிடம்.
புழங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வரும் சன்னல்.
அனுமதி பெற்ற பிளான்படியே கட்ட வேண்டும்.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே! ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மனு எழுதி முடித்தேன், முத்து முத்தாக. "வெளிச்சமும் காற்றும் தடைபடுகின்றன" என்று ஒரு வரி. அப்பாவிடம் நீட்டினேன்.

"அக்கம்பக்கத்துல விரோதம் வேண்டாம்மா."

"விரோதமா? இது விதி, அப்பா!"

படித்துக்கொண்டிருந்த நியூஸ் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கையெழுத்து இல்லை. அப்பாவுக்கு இவ்வளவு பயமா?

ஜூன் 12, வெள்ளி

நானே கையெழுத்துப் போட்டு மனுவைக் கொடுத்துவிட்டேன். "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார் கிளார்க். இருக்கிறார்கள், அதனால்தான் நான் வந்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அறிவியல் டெஸ்ட் சுமார்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

பிளான் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பீரோவிலிருந்து எங்கள் வீட்டுப் பிளானை எடுத்தேன். நீலக் காகிதம், முத்திரை எல்லாம் இருக்கிறது. என் அறை, என் சன்னல், அதற்கு வெளியே தெற்கில் ஐந்தடி. ஐந்தா? அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை ஒன்றரை அடி!

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மனையடி சாஸ்திரக்காரர் வந்து பார்த்தாரு. ஈசானிய மூலை, அதான் வடகிழக்கு, இன்னும் தாராளமா இருக்கணும், வீட்டைத் தெற்கே தள்ளுன்னாரு. தள்ளிட்டோம்."

"பிளான்ல ஒண்ணு, தரையில ஒண்ணா?"

"எல்லாரும் அப்படித்தான்டி. பிளான் ஆபீசுக்கு, வீடு சாஸ்திரத்துக்கு."

நோட்டில் மார்ஜின் விடாமல் எழுதினால் திட்டுகிற அப்பா! அவருக்குப் பயமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. அளக்க வந்தால் நாமும் மாட்டுவோம் என்று தெரியும், அவ்வளவுதான்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா? மாட்டேன். விதி இரண்டு வீட்டுக்கும்தானே. வரட்டும், இரண்டையும் அளக்கட்டும்.

ஜூன் 20, சனி

பக்கத்துச் சுவர் என் சன்னலின் அடிக்கட்டை வரை வந்துவிட்டது. மேசையில் சிமெண்டுத் தூசி. அப்பாவோடு நான் அதிகம் பேசுவதில்லை. அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 25, வியாழன்

லேசான காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. போகாததே நல்லது. ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். முன்னாலேயே தகவல் வந்ததாம், அப்பா லீவு போட்டிருந்தார், அங்கிளும் வந்தார். மூன்று பேரும் என் அறையில், என் மேசையைச் சுற்றி.

"சார், நீங்க ஒன்றரை அடி விட்டிருக்கீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஆபீஸ்காரர் அங்கிள் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணுமே விடலை. ஆக்ஷன் எடுத்தா ரெண்டு பேர் மேலயும் எடுக்கணும். தேவையா?"

அங்கிள் அப்பாவைப் பார்த்து, "நீங்க அஞ்சடி விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன், சார். நீங்களே விடலைன்னுதான்..." என்றார்.

ஆபீஸ்காரர் என் மனுவைப் பிரித்தார். "புகார் என்ன? வெளிச்சம் தடைபடுது, காத்து தடைபடுது. சன்னலே இல்லேன்னா எது தடைபடும்? மூடிடுங்க சார். புகார் முடிஞ்சுது."

என்னால் தாங்க முடியவில்லை. "புழங்குற அறைக்குச் சன்னல் வேணும்னு உங்க பலகையிலேயே போட்டிருக்கே, சார்!"

"பாப்பா நல்லா படிக்குது." பாப்பாவாம். பத்தாம் வகுப்பு நான். "அதனால என்ன, இதை ஸ்டோர் ரூம்னு எழுதிக்கிறேன். ஸ்டோர் ரூமுக்குச் சன்னல் வேணாம்."

மூவரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். அம்மா காபி கொண்டுவந்தாள். "செங்கல் நம்மளுது, சார். ஆளும் நானே அனுப்புறேன்" என்றார் அங்கிள். என்ன தாராளம்!

என் புத்தகங்களைச் சாக்குப்பை என்று நினைத்தார்களோ?

ஜூன் 28, ஞாயிறு

ஏழுமலை வந்து சன்னல் சட்டத்தைப் பெயர்த்து எடுத்தார். கல் வைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்கு முன் மட்டும் நின்று, "பேஜாராக் கீதும்மா, நீ எங்க குந்தி படிப்பே?" என்றார். இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் கேட்டார்.

ஹாலில் படித்துக்கொள்ளலாமாம், அப்பா சொல்கிறார். டிவி எங்கே இருக்கிறது? ஹாலில்.

மனு கொடுத்தது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை. தப்பு யாருடையது என்று நாலு பக்கம் எழுதலாம், எழுத எரிச்சலாக வருகிறது. நடுப்பகலில் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஈரப் பூச்சு வாடை. பிளானை இன்னும் பீரோவில் வைக்கவில்லை, மேசைமேல் விரித்திருக்கிறேன். அதில் என் சன்னல் திறந்தே இருக்கிறது. வெளியே ஐந்தடி.