தீ வைத்தவன் என்று பேரெடுத்த உனக்கு

இன்று காலை, சாயம் குழைக்கிற லின்சீட் எண்ணெய் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்தது கோபம்தான். வெள்ளகோவிலிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் அப்பாவின் படத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வரைந்த படம். வருஷா வருஷம் திதிக்கு முதல் நாள் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்திருக்கிறார்கள். நெற்றியில் கான்வாஸ் மேலேயே சந்தனம், குங்குமம். ஊதுபத்திப் புகை அந்த எண்ணெயில் ஒட்டி, பெரியவர் கரி மூட்டை தூக்கினவர் மாதிரி இருக்கிறார்.

நீ இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருப்பாய். "ஏனுங்க, எண்ணெ தேச்சுவிட்டவங்க சீயக்கா போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டிருப்பாய்.

வாடிக்கையாளர்களோடு சண்டை போடாமல் உனக்குப் பொழுது போனதில்லை. அடிப்பூச்சில் டர்பன்டைன் விட்டு மெலிதாக, மேலே போகப் போக எண்ணெய் கூட்டிப் பூச வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துப் போகும் என்பாய். ஒவ்வொரு பூச்சும் காயப் பிடிக்கும் நாட்களுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். அன்னூர்க்காரர் ஒருவர் வந்தவுடன் வார்னிஷ் அடித்துப் பளபளவென்று தரச் சொன்னார். "மேல காஞ்சிருக்குமுங்க, உள்ள ஈரம். ஆறு மாசம் பொறுங்க" என்றாய். அவர் குரலை உயர்த்தினார். நீ சாயம் வழிக்கும் கத்தியை எடுத்து, முடிந்த படத்தைக் குறுக்கே கிழித்து அவர் காலடியில் போட்டாய். நம் கடை இருந்த டவுன்ஹால் பின்சந்து முழுக்க அன்று அதுதான் பேச்சு. உனக்குக் கிறுக்கு என்று பேர் வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ பூனை மாதிரி கவனமாக இருப்பாய். இந்த லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துத்தான் காயப் போடுவாய். "சுருட்டி வெச்சா உள்ளுக்குள்ள வெந்து தானாப் பத்திக்கும், மாப்ளே."

ஊருக்குள் மதச் சண்டை மூண்டிருந்த நாட்கள் அவை. ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து எல்லாக் கடைகளையும் உடனே சாத்தச் சொன்னது. லத்தியால் ஷட்டரைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். நீ அவசரத்தில் ஈரத் துணிகளை அள்ளிச் சாக்கில் அமுக்கி மூலையில் தள்ளிப் பூட்டினாய்.

சாயங்காலம் நம் கடையின் மாடியறை எரிந்தது. நாம் ஓடி வருவதற்குள் சந்தில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்க்கடையில் தையல் தைக்கிற பாயைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். தீயைப் பார்த்து முதலில் வாளியோடு ஓடி வந்தவர் அவர். வாளியில் இருந்தது மண்ணெண்ணெய் என்றார்கள். சைக்கிள் செயினால் ஒருவன் அவர் முதுகில் விளாச, சட்டையோடு தோலும் கிழிந்தது. அடித்தவர்கள் எல்லோரும் நம் ஆட்கள். தினமும் நம்மோடு டீ குடித்தவர்கள்.

நீ கூட்டத்துக்குள் பாய்ந்து அவர் மேல் விழுந்தாய். "அவரில்லீங்க! சாக்குல எண்ணெத்துணி இருந்துச்சு, அதுவே பத்திக்கிச்சு!"

ஒருவன் சிரித்தான். "எங்கூட்டு வெளக்குத் திரியும் எண்ணெயிலதான் கெடக்குது. அது என்ன தானாப் பத்திக்குதா?" சொல்லிக்கொண்டே உன் விலாவில் உதைத்தான். அவன் மூக்கை நான் உடைத்தேன். அதற்காக எனக்கு இன்று வரை வருத்தமில்லை. மூன்று பேர் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

பாயின் தலைக்கு மேலே ஒருவன் கல்லைத் தூக்கினான். அப்போதுதான் நீ கத்தினாய்: "நாந்தான் வெச்சேன்! குடிச்சுபோட்டு நானே வெச்சுபோட்டேன்! படம் ஒண்ணும் வெளங்கல, கொளுத்திபோட்டேன்!"

நிஜத்தை நம்பாதவர்கள் இதை உடனே நம்பினார்கள். படத்தைக் கிழித்த கிறுக்கன்தானே. கல் பாயின் தலையை விட்டு விலகியது. ஷட்டர் தாழ்ப்பாள் கம்பி உன் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குச் சுவரோரம் வரை கேட்டது. தெருவையே எரிக்கப் பார்த்தாயா என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்.

அதற்குப் பிறகு நீ தூரிகை பிடிக்கவில்லை. இடது கையால் சாயம் குழைத்துத் தருவாய், நான் பூசுவேன். முகங்கள் உன் கைக்கு வந்தது போல என் கைக்கு வரவேயில்லை. அது உனக்குத் தெரியும், நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

போன மாசம் உன்னைக் கிடத்தியிருந்தபோது, மாலையோடு வந்த ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம், "தன் கடைக்குத் தானே தீ வெச்ச மனுசன்" என்றான். அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். எல்லா நிஜத்தையும் அங்கேயே உடைத்துச் சொல்லிவிட வாயெடுத்தேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நரைத்த தாடி முழுக்க ஈரம்.

"வேண்டாமுங்க," என்றார் மெதுவாக. "எண்ணெத்துணி தானாப் பத்துமுன்னு அன்னிக்கும் யாரும் நம்புல. அவரு வெக்கலீன்னு ஆயிட்டா, அப்பறம் நாந்தான் வெச்சேன்னு ஆயிருமுங்க. நான் இன்னும் அதே சந்துலதானுங்க கடை வெச்சிருக்கறேன்."

காலரை விட்டேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாங்க," என்றேன். "அவன்தான் வெச்சான்."