காதில் விழுந்த பேச்சு

அப்பா,

போன வாரம் காது டாக்டரிடம் போயிருந்தேன். கொஞ்ச நாளாக எனக்கு வலது காது மந்தம். பரிசோதனை முடிந்ததும் அங்கிருந்த சின்னப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். உரித்த வேர்க்கடலை அளவுதான் இருந்தது. "மாட்டினா வெளிய தெரியவே தெரியாதும்மா" என்றாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கவும், வயதாகிவிட்டதே என்று கலங்குகிறேன் என நினைத்து ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் காது மெஷின் எவ்வளவு பெரியது. சட்டைப் பையில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து கழுத்தோரம் ஏறும் ஒயர், காதை அடைக்கும் மெழுகு நிறக் குமிழ். எழுபதுகளின் கடைசியில் அதை உங்களுக்கு வாங்கி மாட்டியது நான்தான்.

ஆம்பூர் டேனரியில் இருபது வருடம் நீங்கள் ஸ்டேக்கிங் மெஷின் ஓட்டினீர்கள். காய்ந்து விறைத்த தோலை ஓயாமல் அடித்து இழுத்து மெத்தென்று ஆக்கும் மெஷின் அது. வெளியே கேட்டருகே நிற்கும்போதே அதன் அடி என் பல்லில் அதிரும். நான் பத்தாவது படிக்கும்போது அம்மா கூப்பிட்டால் இரண்டாம் குரலுக்குத் திரும்புவீர்கள். அம்மாவை அடக்கம் செய்த வருடம் எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பவில்லை. டேனரியில் நின்றுவிடச் சொன்னார்கள். பிறகு வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் நானும் தம்பி ஜெயசீலனும் அதில் எழுதிக் காட்டினோம். அரிசி வாங்கணும். மாத்திரை போட்டாச்சா. இன்றைக்கு நைட் டியூட்டி. அவ்வளவுதான் எழுதினோம்.

எழுதாத மற்ற எல்லாவற்றையும் உங்கள் எதிரிலேயே பேசினோம். மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. என் கல்யாணப் பேச்சு முறிந்த காரணம், தம்பியின் கைமாற்று, பக்கத்து வீட்டுக்காரி நம்மைப் பற்றிச் சொன்னது எல்லாம் உங்கள் தட்டுக்கு மேலாகப் போய் வந்தன. நீங்கள் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நான் வேலூரில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் உங்களை பஸ்ஸில் அழைத்துப்போய் காது டாக்டரிடம் காட்டினேன். காதுக்குள்ளே மிக மெல்லிய மயிர்கள் மாதிரி சில இருக்கும், சத்தம் வந்தால் அவை ஆடும், வருடக்கணக்காக அடி வாங்கியதில் சாய்ந்துவிட்டன, சாய்ந்தது நிமிராது, இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார் அவர். நான் நோட்டில் எழுதிக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "மெஷினு தோலை மட்டும் தட்டல போல" என்றீர்கள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காது மெஷின் மாட்டிய முதல் வாரம் லீவு போட்டு உங்களோடு இருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஸ்டவ் இரைவதைக் கேட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அப்பளம் கடிக்கும் சத்தத்துக்கு நீங்களே திடுக்கிட்டீர்கள். சட்டை உரசினால் பெட்டிக்குள் புயல் அடிக்கிறது என்று சட்டையைத் தொடாமல் நடந்தீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் முதல் பாட்டு தொடங்கியதும் உங்கள் வாய் நின்றுவிட்டது. அந்தப் பாட்டுக்கு ராகம் மாற்றிப் பல வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடமும் நீங்கள் மட்டும் பழைய ராகத்தில், எல்லாரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தீர்கள். யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "இத்தினி வருசமா தப்பாவா பாடினு இருந்தேன்?" என்று கேட்டீர்கள். தெருப் பிள்ளைகள் உங்களுக்கு வைத்திருந்த பட்டப்பெயரையும் அந்த வாரம்தான் கேட்டிருப்பீர்கள். காது கேட்டால் நல்லது மட்டும்தான் கேட்கும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

அடுத்த மாதம் ஜெயசீலனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. தகவல் வந்தது எனக்கு லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்திருந்தது. நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். கோயிலிலிருந்து வந்ததும் பெட்டியின் பேட்டரி செல்லை மிச்சம் பிடிக்க ஸ்விட்சை அணைத்துவிடுவது உங்கள் வழக்கம். அணைத்திருப்பீர்கள் என்று நினைத்தோம். இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை. பழக்கத்தில் பேசினோம்.

ஓசூரில் நாலு பேரோடு ஒரே ரூமில் தங்க வேண்டும், உங்களை அழைத்துப்போக முடியாது என்றான் தம்பி. எனக்கோ ஹாஸ்டல், வெளியே வீடு பார்த்தால் என் வேலையையும் கவனித்து உங்களையும் எப்படிக் கவனிப்பது என்று கேட்டேன். பேச்சு முற்றியது. உனக்குத்தான் பெண் என்ற கடமை, உனக்குத்தான் ஆண் என்ற கடமை என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் மோசம்.

"திருப்பத்தூர் பக்கம் வயசானவங்களுக்கு ஒரு ஹோம் இருக்குதாம். அங்க வுட்ரலாம். காது கேக்காதவருக்கு எங்க இருந்தா இன்னா?"

 நீங்கள் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினீர்கள்.

மறுநாள் காலை நான் வேலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்து நின்றீர்கள். உங்கள் இரண்டு லுங்கியும் துண்டும் மடித்துக் கட்டில்மேல் இருந்தன. சாதாரணமாக, கடைக்குப் போகட்டுமா என்று கேட்பது போல, என்னிடம் கேட்டீர்கள்.

"திருப்பத்தூருக்கு எத்தினி மணிக்கும்மா பஸ்ஸு?"

நோட்டில் யாரும் அந்த ஊரின் பெயரை எழுதியிருக்கவில்லை.

ஜெயசீலன் வெளியே போய்விட்டான். எனக்குக் கையிலிருந்த சீப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அது இல்லை. எங்களுக்கு ஒரு வேலையை எளிதாக்கிக் கொடுக்கும் முகம்தான் இருந்தது. திருப்பத்தூர் எல்லாம் இல்லை, நீங்கள் என்னோடு வருகிறீர்கள் என்று கத்தினேன். அந்த மாதமே வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் ஓர் அறை பார்த்தேன். ஊரில், பெண் பிள்ளை அப்பாவைத் தாங்குகிறாள் என்று மெச்சினார்கள். அன்பினால் செய்ததில் வெட்கத்தினால் செய்தது எவ்வளவு கலந்திருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த அறையில் நாம் ஐந்து வருடம் இருந்தோம். பெட்டியை நீங்கள் ஒரு நாளும் மாட்டவில்லை. கேட்டால் செல் தீர்ந்துவிட்டது என்பீர்கள். புதுச் செல் வாங்கி வந்தால் அதுவும் தீர்ந்துவிட்டது என்பீர்கள். ஒரு நாள் நீங்கள் கறிகாய் வாங்கப் போயிருந்தபோது குமிழை என் காதில் வைத்து ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன். தெருவின் கைவண்டிச் சத்தம் முழுக்கத் தலைக்குள் பாய்ந்தது. நீங்கள் வந்ததும் நோட்டில் எழுதினேன்: நன்றாகத்தானே வேலை செய்கிறது, ஏன் மாட்டுவதில்லை?

படித்துவிட்டு வெண்டைக்காயைத் துண்டில் கொட்டி ஒவ்வொன்றாக முனை ஒடித்தீர்கள். பாதி முடிந்த பிறகு சொன்னீர்கள்.

"நீங்களும் எங்கனா பேசணுமில்லம்மா. நான் கேட்டுனு இருந்தா எங்க போயி பேசுவீங்க?"

அதற்குக் கீழே, அதே பக்கத்தில், இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். பேனா கையில்தான் இருந்தது. நான் எழுதியது: சாம்பாரா, பொரியலா?

ஜெயசீலன் ஒரே ஒரு முறை, நீங்கள் போய்ப் பல வருடம் கழித்து, போனில் கேட்டான். அன்னிக்கி ஸ்விட்சு போட்டுத்தான் இருந்தாரா அக்கா என்றான். ஆமாம் என்றேன்.  பிறகு அவன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்னான்.

ரிடையர் ஆகும் வரை வார்டில் எனக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியின் கட்டிலருகே நின்று சொந்தக்காரர்கள் பேசத் தொடங்கினால் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவேன். ஊசி போடும் முன் அந்த நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். "அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலியே சிஸ்டர்" என்று சின்னப் பெண்கள் சொல்வார்கள். தெரியாது என்று யாருக்குத் தெரியும் என்பேன். எந்த மெஷினை வைத்துப் பார்த்தாலும் ஒரு மனிதனுக்குள் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது என்பதை நான் படிப்பில் கற்கவில்லை.

கடைசியில் உங்களை நெஞ்சுச் சளியோடு அதே வார்டில்தான் சேர்த்திருந்தேன். மூன்றாம் நாள் காலை டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி தேறமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். காது மெஷின் பெட்டி நம் அறையின் அலமாரியில் இருந்தது. ஆளை அனுப்பினால் பத்து நிமிடத்தில் வந்திருக்கும். நான் அனுப்பவில்லை. கேட்டுவிடுவீர்களோ என்ற பயம் எனக்கு. கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதில் எப்படி இருக்குமோ என்ற பயம்.

கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றாரே, அந்த இடது காதருகே குனிந்தேன். கத்தவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னேன். "அன்னிக்கி நான் பேசினது தப்புப்பா."

நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது. அது என் குரலுக்கா, காதோரம் பட்ட மூச்சின் சூட்டுக்கா என்று முப்பது வருடம் நர்ஸாக இருந்த எனக்கு இன்று வரை சொல்லத் தெரியவில்லை.