சேறு குடித்த சத்தம்

அக். 4, திங்கள்
காலையிலிருந்து மழை. குடை கிழிசல். கடல் அளவை ஆபீஸ் சுவரில் ஜப்பான் கணக்கில் வருடம் 2603. என் வயது மட்டும் பழைய கணக்கில்.

ஜப்பான் லெப்டினன்டுக்கு நல்ல கோபம். கடலடியில் இறக்கிய ஒலிவாங்கியில் படகு இன்ஜின் சத்தம் கேட்கவே இல்லையாம். கெட்டித் தரை சத்தத்தைத் திருப்பி அனுப்பும், சேறு குடித்துவிடும். மழைத் தண்ணீர் மேலே நின்றால் சத்தம் வளையும். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுக் கோடு வரைந்து வைத்திருக்கிறார். என் வரைபடத்தில் அந்த இடம் கெட்டித் தரை. அளந்தவர் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். அளவு பொய் என்றால் அளந்தவர் சயாம் ரயில் வேலைக்குப் போகவேண்டியதுதானாம். போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

அக். 5
வெயில். அரிசி இல்லை, மரவள்ளிதான்.

ஸ்டோரில் கொழுப்பு டின். மூடியே திறக்கவில்லை! ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடிக்குழியில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்கினால்தான் அடிமண் ஒட்டி வரும். ஒன்றும் ஒட்டாவிட்டால் கெட்டித் தரை என்று எழுதுவது வழக்கம்.

அத்தானைத் தனியாகக் கேட்டேன்.

"மாட்டுக் கொழுப்பத் தொடச் சொல்றியா தம்பி? மெழுகுதிரிய உருக்கி ஊத்திட்டேன் லா."

மெழுகில் எது ஒட்டும்? இவர் ஆசாரத்துக்கு அக்கா தாலியா விலை? ஆத்திரம்.

அக். 6
படகில் நானே போனேன். கொழுப்பை விரலால் அப்பினேன். நாற்றம், குமட்டல். இறக்கிய இடமெல்லாம் கருஞ்சேறு.

லெப்டினன்டிடம், அளந்தபின் பெய்த மழைக்குப் பிறை ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும் என்றேன்.

"லும்போர்?"

"லும்போர், துவான்." மலாயில், சேறுதான் ஐயா.

கணக்கில் தரையை மாற்றிப் போட்டார். கேட்ட சத்தத்தோடு கோடு பொருந்தியது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சயாம் பேச்சே எடுக்கவில்லை. மற்ற இடங்களையும் நாளை முதல் திரும்ப அளக்க உத்தரவு. இனி அந்த ஒலிவாங்கியில் யாருடைய கப்பல் கேட்குமோ. இன்று அத்தானை மட்டும்தான் நினைத்தேன்.

சாயங்காலம் அக்கா வீடு. நடந்ததைச் சொன்னேன். அத்தான் தன் தட்டைத் தள்ளி நகர்த்திக்கொண்டார்.

"குளிச்சியா?"

"ரெண்டு தடவ."

அப்போதும் தள்ளித்தான். சிரிப்பும் வந்தது, கோபமும்.

அக்கா அவர் தட்டை எடுத்து என் தட்டோடு ஒட்டி வைத்தாள். "தம்பியோட இந்தக் கை இல்லன்னா உங்களுக்கு யாரு சோறு போடுறது, சயாம்லயா?"

வந்து உட்கார்ந்தார். பாதிக் கிழங்கு தின்றபின், என் முகத்தைப் பார்க்காமல்:

"நாளைக்கு அந்த டின்ன எங்கிட்டயே குடு."