பாண்டுகேஸ்வரத்தில் திரும்பிய பஸ்

பாவா,

நேற்று அக்கா உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்தாள். பத்ரி யாத்திரையில் நீங்கள் போட்டிருந்த கம்பளிக் குல்லாயில் நீலகிரித் தைல வாடை இன்னும் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். உங்களை நினைத்து அழவேண்டியவள், பயந்துபோய் நின்றேன்.

பட்டாளத்தில் இமயமலைப் பக்கம் லாரி ஓட்டியவர் நீங்கள். ஊர் திரும்பியதும், தறியிலேயே காலம் கழித்த கிழவர் கிழவிகள் ஒன்பது பேரை நோகாமல் பத்ரிக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டீர்கள். உங்கள் மாமனார், என் நைனாவும் அதில் ஒருவர். நர்ஸ் என்பதால் நானும் சேர்ந்தேன்.

நாலு மாதம் திட்டம் போட்டோம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் பஸ் கிடையாது. வழியெல்லாம் தங்கித் தங்கிப் போவது. வாரம் இரண்டு தரம் எல்லாரையும் திருத்தணி மலைப்படி ஏற வைத்தோம். பத்துப் படிக்கு ஒருதரம் உட்காரவைத்து நாடி பார்ப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் இளகவே இல்லை.

"மேல போவப் போவ காத்து கம்மி. ஒருத்தருக்கு மூச்சு வாங்கினாலும் எல்லாரும் கீழ எறங்கணும். நாம ரெண்டே பேரு. பாதிப் பேர மேல உட்டுட்டு வர முடியாது."

"பத்ரிக்குக் கிட்டப் போய் வாங்கினா?"

"அப்பவுந்தான்."

கடைசியாகத் தங்கிய ஜோஷிமட்டில் விடியற்காலை நைனா சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. "மாப்ளகிட்ட சொல்லாதம்மா. இன்னிக்கி ஒரு நாள்தான். என்னால இவங்க சாமி பாக்காம போவணுமா?" என்றார். நர்ஸாக இருந்தும் தலையாட்டினேன்.

பஸ் கிளம்பியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எங்கோ அடியில் ஆறு. நான் எதையும் பார்க்கவில்லை. நைனாவின் முதுகில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அது நின்று, திரும்பி வர நேரமாயிற்று. அப்போதுதான் வாய் திறந்தேன்.

"பாவா, நைனாவுக்கு மூச்சு வாங்குது."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான்."

பாண்டுகேஸ்வரத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னீர்கள். ஒரு கிழவி உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "இத்தினி தூரம் வந்துட்டுப் பாக்காம போறதா, ராசா?"

"மாமாவுக்கு இழுத்துகினு இருக்குது. எறங்கலாம் ஆத்தா" என்றீர்கள். டிரைவரைத் திருப்பச் சொன்னீர்கள்.

கீழே பீப்பல்கோட்டிக்கு இறங்கியபின், சாயங்காலம் நைனா டீ கேட்டார். மற்றவர்கள் ஊர்வரை நம்மோடு பேசவில்லை. மாமனாருக்காக எட்டுப் பேர் புண்ணியத்தைக் கெடுத்தவன் என்று கடைத்தெருவில் உங்களைச் சொன்னார்கள். நீங்கள் அதே கடைத்தெரு வழியாகத்தான் தினம் போய்வந்தீர்கள். நைனா அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தார்.

அன்று நான் சொன்னது பொய், பாவா. விடியற்காலையே எனக்குத் தெரியும். நைனாவைக் கிட்டத்தட்டக் கொன்றிருப்பேன். இதைச் சொல்லிவிட எத்தனையோ தடவை உங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். போன மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போதும் வார்டில் யாராவது "டாக்டருக்குச் சொல்லாதம்மா" என்றால் கேட்பதில்லை. உடனே போய்ச் சொல்லிவிடுகிறேன். வீட்டில், பக்கத்தில் படுத்திருப்பவர்களின் மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகே கண்ணை மூடுகிறேன்.