ஸ்வெட்டரில் ஒட்டி வந்த விதைகள்

தெண்டானியின் அம்மாவுக்கு,

சுரங்க விடுதியில் நான் நலம். உங்கள் இருவர் நலத்தையும் மறைக்காமல் எழுது.

நீ துவைத்து அனுப்பிய என் பழைய ஸ்வெட்டர் வந்தது. அதில் முஷிஜிச் செடியின் கருப்பு ஊசி விதைகள் அப்பியிருந்தன. பக்கத்துக் கட்டில் ரம்புடா, “எவனோ இதப் போட்டுக்கிட்டு உன் கொல்லையில மேஞ்சிருக்கான்டா மாப்ள!” என்று சிரித்தான். என் சந்தேகம் அதுவல்ல.

கொல்லை வேலியில்தானே காயப்போட்டிருப்பாய்? நம் கொல்லை முஷிஜியைத் தளிரிலேயே பறித்துக் கீரையாக்கிவிடுவாயே! அது பூத்து, முற்றி, ஊசி விடும்வரை நீ எங்கே இருந்தாய்? தினமும் கொல்லைக்குப் போவதாக எழுதியது பொய்தானே? இடுப்புவலி மறுபடி வந்துவிட்டதா? எழுந்து நடக்கிறாயா, இல்லையா? தெண்டானியிடம் தனியாகக் கேட்பேன்.

காய்ந்த கீரை இருந்தால் கொஞ்சம் அனுப்பு. இங்கே சோளக்களிக்குத் தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ்தான். பொத்தான் வைக்காத சட்டை ஒன்றும் வேண்டும், தலைவழியாக மாட்டுகிற மாதிரி.

தபால் வண்டி வந்துவிட்டது. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல ரம்புடா எழுதுகிறான். வலது கைக்குச் சும்மா ஓய்வு கொடுத்திருக்கிறேன். நீயாக எதையும் சந்தேகப்படாதே.

முகோனி